மதிலில் பிள்ளைகள் சொன்னவை: வெள்ளவத்தை ஒழுங்கை ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாற்பது அடி நீளமும் ஆறு அடி உயரமுமான மதிலொன்றில் அயலவர்கள் சேர்ந்து ஓவியம் வரைந்திருக்கிறோம். ஒருவரோடொருவர் நல்லபடியாகக் கதைப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள். யோசனை முழுக்கப் பக்கத்துப் பாடசாலைகளில் தரம் 4 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுடையது. அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று கேட்பவற்றையும், தங்கள் தெருவிலும் இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்கள் கேட்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வார்கள் என்றில்லை.

ஓவியத்தில் என்னதான் இருக்கிறது?

காலி வீதிப் பக்கமிருந்து கடலை நோக்கி நடந்தால் முதலில் ஒரு குசினி. அம்மா தேங்காய் துருவுகிறார், பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு பிள்ளை கீரை ஆய்கிறது. இரண்டு பேரும் கதைக்கிறார்கள், கண் மட்டும் வேலையில். அடுத்தது ஓர் ஆட்டோ, அதன் பின் ஆசனத்தில் தாத்தாவும் பேரனும். நடுவில், மதிலின் பாதி நீளத்துக்கு, ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் கற்களில் வரிசையாக இருந்து கடலைப் பார்க்கும் சனங்கள். எங்களுக்கு அவர்களுடைய முதுகு மட்டும்தான் தெரியும். கடைசியில், மரைன் டிரைவ் பக்கமாக, கதிரையில் சாய்ந்திருக்கும் ஓர் அப்பா. அவருடைய கையிலுள்ள ஃபோன் அவருடைய தலையை விடப் பெரியது. அளவு பிழைத்துவிட்டதாகச் சிலர் வந்து சொல்கிறார்கள். பிழைக்கவில்லை. யோசனை கேட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த அட்டையில் எப்படி வரைந்திருந்ததோ அப்படியே பெரிதாக்கினோம்.

இடையிடையே பிள்ளைகளின் வசனங்கள் தமிழிலும் சிங்களத்திலும், ஒன்றிரண்டு ஆங்கிலத்திலும் இருக்கின்றன.

ஏன் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள்? கதைப்பது என்றால் முகம் தெரிய வேண்டாமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பெரியவர்கள் நாங்கள் தொடக்கத்தில் மனதில் வைத்திருந்த படமும் அப்படித்தான் இருந்தது: எதிரெதிரே இரண்டு முகம், நடுவில் பேச்சுக் குமிழி, மேலே ஒரு புறா. கண்ணைப் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சிப் பட்டறையிலும் சொல்லித் தருகிறார்களே.

பிள்ளைகள் தந்த அட்டைகள் வேறு மாதிரி வந்தன. தரம் 6 பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தாள்: "அம்மா சமைக்கிற நேரம் நல்லாக் கதைப்பா. ஏனென்றா அப்ப என்னைப் பார்க்க மாட்டா." மேலே பென்சிலால் ஒரு படம். காஸ் அடுப்பு, ஆவி சுருள் சுருளாகப் போகிறது, அடுப்படியில் அம்மா. முதலில் அம்மாவுக்கு முகம் வரைந்து, பிறகு அதை அழிறப்பரால் அழித்துக் கொண்டையாக மாற்றியிருந்தாள். மூக்கின் கோடு கொண்டைக்குள்ளே இன்னும் தெரிந்தது. அட்டையின் மூலையில் தன்னைச் சின்னதாக வரைந்திருந்தாள், வாய் மட்டும் பெரிது.

அந்த ஒரு அட்டை என்றால் விட்டிருப்போம். ஆனால் ஆட்டோவில் போகும்போது தாத்தா கதை கேட்பார் என்று ஒருவன், பல்கனியில் உடுப்புக் காயப்போடும்போது அக்காவிடம் எல்லாம் சொல்வேன் என்று ஒருத்தி, பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தால் கதைக்க வரும் என்று இன்னொருவன். எல்லாவற்றிலும் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டோ, கையில் ஏதோ வேலையோடோ இருக்கிறார்கள். யாருமே மேசைக்கு இரு பக்கமும் எதிரெதிராக இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். எங்கள் வீடுகளில் பிள்ளையை முன்னால் இருத்திக் கதைப்பது எப்போது? மார்க்ஸ் குறைந்தால், டியூசனுக்குப் போகாமல் விட்டால், எதையாவது உடைத்தால். அப்படிப் பழகிய பிள்ளைக்கு முகத்துக்கு நேரே இருப்பதே விசாரணை. அதோடு இன்னொரு சிக்கல். ஏசும்போது கண்ணைப் பார்த்தால் "என்ன முறைக்கிறாய்?" என்போம், பார்க்காவிட்டால் "நான் கதைக்கிறது கேட்குதா இல்லையா?" என்போம். பிள்ளை எங்கே பார்ப்பது? சிறுவர்களோடு வேலை செய்யும் உளவளத்துணையாளர்கள் களிமண்ணோ விளையாட்டுச் சாமானோ கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கதைப்பதும் இதனால்தான். பார்வையின் பாரம் குறைந்தால் வாய் திறக்கும்.

வெள்ளவத்தையில் வேறொரு காரணமும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் தொடர்மாடிகளில் இருக்கிறார்கள். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர், ஊரிலிருந்து வந்து நிற்கும் சொந்தக்காரர் வேறு. தனியாக ஒருவரோடு கதைக்க இடமென்று இருப்பது குசினி, பல்கனி, கடற்கரைக் கற்கள். ஓவியமும் பெரும்பாலும் அப்படியான இடங்களைச் சுற்றியே அமைந்துவிட்டது.

யோசனைகளை எப்படிச் சேகரித்தீர்கள்?

"நல்ல தொடர்பாடல் என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டால் என்ன வரும் என்று எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். பெரியோரை மதித்தல், இனிமையாகப் பேசுதல், பொய் சொல்லாதிருத்தல்; இலக்கமிட்டு, அடிக்கோடிட்டு வரும். அதில் பிள்ளைகள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பறையில் கேள்வி என்றால் அதற்குப் புள்ளி உண்டு என்றுதான் அவர்களுக்குப் பழக்கம்.

ஆகவே சரியான விடை என்று ஒன்று இல்லாத கேள்விகளாகக் கேட்டோம். யாரோடு கதைக்க உனக்கு விருப்பம், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருப்பார்? எந்த நேரத்தில் கதைக்க நினைத்துப் பிறகு வேண்டாம் என்று விட்டாய்? யாராவது உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்களா, எப்படி? ஒரு பிள்ளைக்கு அரைத் தாள் அளவில் ஓர் அட்டை. முதலில் படம், பிறகு விரும்பினால் ஒரு வசனம். பெயர் எழுதக் கூடாது, தரம் மட்டும். வகுப்பாசிரியர் அந்தப் பாடவேளைக்கு வெளியே போய்விட, வேறொரு ஆசிரியர் கடைசி வாங்கில் இருந்தார். எழுத விருப்பமில்லாதவர்கள் வெறும் அட்டையையே பெட்டிக்குள் போடலாம் என்று சொன்னோம். போட்டார்கள். எழுதியவர்கள் யார், எழுதாதவர்கள் யார் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது அல்லவா, அதுதான் தேவை.

பிறகு பிள்ளைகளில் சிலர் சேர்ந்து அட்டைகளை நிலத்தில் பரப்பிக் குவியல் குவியலாகப் பிரித்தார்கள். குவியல்களுக்கு அவர்களே பெயரும் வைத்தார்கள்: ஃபோன், ஏச்சு, குரூப், ஒன்றுமில்லை. கடைசிப் பெயரைக் கேட்டு நாங்கள் அது வெறும் அட்டைகளின் குவியல் என்று நினைத்தோம். எடுத்துப் பார்த்தால், "நான் ஒன்றுமில்லை என்று சொன்னா ஏதோ இருக்கு. ஆனா உடனே கேக்காதீங்க, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க" என்ற ரகமான அட்டைகள். நாங்கள் பிரித்திருந்தால் "மரியாதை", "அன்பு", "பொறுமை" என்று மூன்று குவியல் வந்திருக்கும், இதெல்லாம் அவற்றுக்குள் காணாமல் போயிருக்கும்.

"குரூப்" என்பது வட்ஸ்அப் குரூப். பெற்றோர் குழுக்களில் மார்க்ஸ் ஒப்பிடுவது, பிள்ளை அழும் வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போடுவது, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கோல் வந்ததும் ஃபோனைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டி "கதை, கதை" என்பது. கடைசியைப் பற்றி ஒரு பெடியன் எழுதியது எனக்கு மிகப் பிடித்தது: "எல்லாரும் சேர்ந்து கத்துறாங்க, பிறகு என்னைக் கதைக்கச் சொல்றாங்க. அம்மம்மாட்ட எனக்குக் கேக்க இருந்தது ஒன்று. அது மறந்து போச்சு." மதிலில் இடமில்லாமல் அது சேரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

நல்ல பொன்மொழி ஒன்றைப் பெரிதாக எழுதியிருக்கலாமே?

மதில் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கோயில் சபைக்காரர், இப்படிப் பலரும் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். எல்லாம் நல்ல வாக்கியங்கள்தான். ஆனால் அவை ஏற்கெனவே கொழும்பில் எல்லாப் பாடசாலைச் சுவரிலும் இருக்கின்றன, பிள்ளைகள் தினமும் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள்.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992 இல் யுனிசெஃப்புக்காக எழுதிய கட்டுரையொன்றில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படியுள்ள ஓர் ஏணியாகக் காட்டினார். அடியிலுள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கெடுக்கவில்லை. பெரியவர்கள் தங்கள் கருத்தைப் பிள்ளைகள் வாயால் சொல்லவைப்பது ஒன்று, பிள்ளைகளை அலங்காரத்துக்கு நிறுத்துவது ஒன்று, ஒப்புக்குக் கருத்துக் கேட்பது ஒன்று. எங்கள் ஊரில் பிள்ளைகளை வைத்துச் செய்யும் நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள். மாலை போட, மங்கள விளக்குப் பக்கத்தில் நிற்க, பெரியவர் எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்து ஒப்புவிக்க. மூன்று படியும் ஒரே மேடையில் கிடைக்கும்.

ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லவும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கப்படவும் வேண்டும் என்கிறது. இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டது. சட்டம் கிடக்கட்டும். காது கொடுத்துக் கேளுங்கள் என்று சொல்லும் மதிலை, பிள்ளை சொன்னதைக் கேட்காமல் வரைந்தால் அதை முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் பிள்ளைகள்தான்.

ஆகவே எழுத்துப்பிழையைத் திருத்தினோம், கருத்தில் கை வைக்கவில்லை. "ஏசினாப் பிறகு ஏன் ஏசினீங்க என்று சொல்லுங்க" என்ற வசனத்தை "அன்புடன் அறிவுரை கூறுவோம்" என்று மாற்றச் சொல்லி இரண்டு கூட்டத்தில் கேட்டார்கள். பேச்சுத்தமிழ் மதிலுக்கு அழகில்லையாம். அது அப்படியே இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

இது பெற்றோரைக் குறை சொல்லும் ஓவியமா?

சில பெற்றோருக்கு அப்படித்தான் பட்டது. ஃபோன் பிடித்த அப்பாவைப் பார்த்துவிட்டு, "நாங்கள் என்ன விளையாடவா ஃபோன் பார்க்கிறோம், வேலையும் அதில்தானே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மூலையில் நிற்கும் பிள்ளை அழவில்லை, கோபமாக இல்லை, வெறுமனே காத்துக்கொண்டு நிற்கிறது. வரைந்தவர்கள் அதை வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

அட்டைகளில் "ஏசவே வேண்டாம்" என்று எழுதியவர்கள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பிழை செய்தால் ஏசத்தான் செய்வார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களுக்குப் பாரமாக இருந்தவை வேறு: மற்றவர் முன்னால் ஏசுவது, பழையதை எல்லாம் கிளறுவது, "நீ எப்பவும் இப்படித்தான்" என்பது. தோமஸ் கோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் பெற்றோருக்கு வகுப்பு நடத்தியபோது இதையேதான் பிடித்துக்கொண்டார். "நீ பொறுப்பில்லாதவன்" என்று ஆளைச் சொல்வதை விட்டு, "நீ வரப் பிந்தினதும் எனக்குப் பயம் வந்துவிட்டது" என்று தன் நிலையைச் சொல்லச் சொன்னார். முதலாவதைக் கேட்ட பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடும். இரண்டாவதுக்குப் பதில் சொல்ல அதற்கு ஏதாவது இருக்கும்.

எல்லா நேரமும் இது வாய்க்காது என்பது எனக்கும் தெரியும். பின்னேரம் ஆறு மணிக்கு காலி வீதி வாகன நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுப் படியேறுகிறவரிடம் யார் போய் "உங்கள் உணர்வைச் சொல்லுங்கள்" என்பது? ஒரு பிள்ளை அதற்கும் வழி சொல்லியிருந்தது: "அப்பா வந்த உடனே ஒன்றும் சொல்லக் கூடாது. தேத்தண்ணி குடிச்ச பிறகு சொல்லலாம்." ஆக, பிள்ளைகளும் எங்களைக் கவனித்து நேரம் பார்த்துத்தான் கதைக்கிறார்கள்.

மதிலுக்குக் கொண்டுவரக் கூடாத அட்டைகள் வந்தால்?

வரும். இப்படிக் கேட்கத் தொடங்கினால் சில பிள்ளைகள் வீட்டிலோ வெளியிலோ நடக்கும் பெரிய விடயங்களை எழுதுவார்கள். இதற்கு ஆயத்தமில்லாமல் அட்டை கொடுக்கவே கூடாது. பெட்டியை முதலில் திறப்பது யார், பாரதூரமான ஒன்று கண்ணில் பட்டால் பாடசாலையில் யாரிடம் போவது என்பதை முன்கூட்டியே அதிபரோடு பேசி முடிவு செய்யுங்கள். பெயர் இல்லாத அட்டை என்பதால், உதவி தேவைப்படும் பிள்ளை தானாக வந்து சொல்ல ஒரு வழியும் வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் "யாரோடாவது தனியாகக் கதைக்க விருப்பமா?" என்று கேட்டு, வந்து சொல்ல வேண்டிய ஆசிரியரின் பெயரை அச்சடித்தோம்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குப் பிள்ளையே நேரடியாக, காசில்லாமல் அழைக்கலாம். மனநலம் தொடர்பான உதவிக்கு 1926. இரண்டையும் மதிலில் பிள்ளையின் கண் உயரத்தில் எழுதியிருக்கிறோம். பெரியவர்கள் குனிந்து பார்த்தால்தான் தெரியும், பரவாயில்லை.

அந்த மாதிரி அட்டைகளின் வாசகமோ படமோ எந்த வடிவிலும் மதிலுக்கு வராது. "பெயர் இல்லைத்தானே" என்று வாதிடுவார்கள். ஒரு ஒழுங்கையில் எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

மூன்று மொழியிலும் எல்லாம் எழுதியிருக்கிறதா?

இல்லை. அரச பெயர்ப்பலகை போல ஒவ்வொரு வசனத்தையும் மூன்று தரம் எழுதினால் மதில் முழுக்க எழுத்தாகிவிடும். பிள்ளை எந்த மொழியில் எழுதியதோ அந்த மொழியிலேயே விட்டோம். பக்கத்தில் படம் இருக்கிறது, விளங்காவிட்டால் நிற்கிறவரிடம் கேட்கலாம். கேட்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: பெயின்ட் அடிக்கிறவருக்குத் தெரியாத மொழியில் எழுத்தைக் கொடுக்கும்போது, கோடு போட்டதும் அந்த மொழி தெரிந்த ஒருவர் வந்து பார்க்க வேண்டும். கொழும்பில் தமிழ்ப் பலகைகளின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை.

பிள்ளைகளே வரைந்தார்களா?

கீழ் நான்கு அடி அவர்களுடையது. மேலே இரண்டு அடியும், ஏணி வைக்க வேண்டிய எல்லாமும் பெரியவர்களுடையது. தேர்ந்தெடுத்த படங்களை ஒரு தாளில் சேர்த்து, தாளிலும் மதிலிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக சோக்கால் மாற்றினோம். பழைய முறை, ஆனால் பிள்ளைக்கு உடனே பிடிபடும். தன்னுடைய கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும், முழுப் படத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

சித்திரத்தில் கெட்டிக்காரர்களை மட்டும் எடுங்கள் என்று ஒரு யோசனை வந்தது. பரிசுப் போட்டி வையுங்கள் என்றும். இரண்டும் வேண்டாம் என்றோம். போட்டி என்றால் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் மாமாவிடம் வரைந்து வாங்கி வருவார்கள்.

பழைய மதிலைச் சுரண்டும் வேலையில் பிள்ளைகளைச் சேர்க்கவே வேண்டாம். இலங்கையில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு 2013 இலிருந்துதான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயின்ட் அடியில் இருக்கக்கூடும். உலர்வாக உரஞ்சினால் தூசு பறக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதிலை நனைத்துச் சுரண்டி, தூசைக் கூட்டாமல் கழுவி எடுத்து, காய்ந்து அடிப்பூச்சும் பூசிய பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

என்ன பெயின்ட், எவ்வளவு?

தண்ணீர் கலந்து அடிக்கும் வெளிச்சுவர் எமல்ஷன். எனாமல் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஈரம் ஊறும் மதிலில் உரிந்துவிடும், மணமும் தாங்காது. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்குக் கிட்டத்தட்ட நூறு சதுர அடி வரும். மதில் 240 சதுர அடி. பின்னணி நிறம் இரண்டு பூச்சுக்கு ஐந்து லீற்றர், அதற்கு முன் அடிப்பூச்சு ஒரு மூன்று லீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற நிறங்களைச் சின்னப் பேணிகளில் வாங்கினால் போதும். வெள்ளையில் கலந்து கலந்து பிள்ளைகளே இருபது நிறம் உண்டாக்குவார்கள்.

புதிதாகச் சீமெந்து பூசிய மதிலென்றால் ஒரு மாதம் காயவிடுங்கள், சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்னும். கடலுக்குக் கிட்ட உள்ள மதில்களில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் துலக்கி, நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்கக் காயவைத்துத்தான் அடிப்பூச்சு. அப்படியே மேலே பூசினால் உப்பு பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நிறத்தில், பளிச்சென்ற சிவப்பும் ரோசாவும் வெயிலில் முதலில் வெளிறும். காவி, செம்மண் நிறம், கடும் நீலம் நின்றுபிடிக்கும். எங்கள் ஓவியத்தில் சேலைகள் எல்லாம் ஏன் காவியும் நீலமும் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கும், ஒக்டோபரும் நவம்பரும் பின்னேர இடிமழை. வருடத் தொடக்கத்தில்தான் கொழும்பில் தொடர்ந்து உலர்ந்த நாட்கள் கிடைக்கும். வெயில் ஏறிய மதிலில் பெயின்ட் தூரிகையிலேயே இறுகும், அதனால் காலை பத்து மணிக்குள் அல்லது மூன்றரைக்குப் பிறகு. மேற்குப் பார்த்த மதில் என்றால் காலை மட்டும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மதில் யாருடையதோ அவரிடம், எழுத்தில். வாய்ச்சொல் போதாது. வீடு கைமாறினாலோ மகன் வெளிநாட்டிலிருந்து வந்து "யார் இதைக் கீறினது?" என்று கேட்டாலோ காட்ட ஒரு கடிதம் வேண்டும். எத்தனை வருடம் அழிக்காமல் விடுவார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அரச மதில், ரயில்வே மதில், பாடசாலை மதில் என்றால் அந்தந்த நிறுவனத்தின் கடிதம். பாடசாலைக்குள் போய்ப் பிள்ளைகளோடு வேலை செய்ய அதிபரின் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். வீதியில் ஏணி, வாளி வைப்பதால் மாநகர சபைக்கும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டித் தெரிவித்தோம். படமெடுப்பதைப் பற்றி ஒரு விதி போட்டோம்: கையும் தூரிகையும் எடுக்கலாம், முகமும் பாடசாலைச் சின்னமும் எடுக்கக் கூடாது.

கொழும்பில் இதுபோல வேறு உண்டா?

சுவரோவியம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939–40 இல் வரைந்தவை இன்றும் இருக்கின்றன, உள்ளே கூரைக்குக் கீழே இருப்பதால். வெளியே தெருவில் என்றால், கொம்பனித்தெருவில் ஃபிரி ரஹ்மானும் நண்பர்களும் அங்கே வாழ்கிறவர்களின் முகங்களையே அந்தத் தெருச் சுவர்களில் வரைந்தார்கள். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு நாடு முழுக்க இளைஞர்கள் மதில்களில் வரையக் கிளம்பியதும் நினைவிருக்கும். அதில் நல்லதும் இருந்தது, யாருடைய வரலாற்றை யாருடைய மதிலில் வரைகிறோம் என்று யோசிக்காத அவசரமும் இருந்தது. அந்தத் தெருவில் இருக்கிறவர்களிடம் முதலில் கேட்பது நல்லது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தேர்தல் போஸ்டர் ஒட்டினால்?

ஒட்டுவார்கள். மேலே தண்ணீர் அடிப்படையிலான தெளிவான மேற்பூச்சு ஒன்று அடித்தால் பசையை நனைத்து உரிக்கலாம். எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், மஞ்சளித்துவிடும்.

இதனால் ஏதாவது மாறியதா?

மதில் ஒன்றைப் பார்த்து ஒரு குடும்பம் மாறிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. அளந்து காட்ட என்னிடம் ஒன்றுமில்லை, அளக்கவும் போகவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். தரம் 7 பெடியன் ஒருவன் தன் அம்மாவைக் கூட்டிவந்து, ஆட்டோ படத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான். "இது நீ கீறினதா?" என்று அம்மா கேட்க, "இல்ல, ஆனா நானும் இதைத்தான் எழுதினேன்" என்றான். அவர்கள் பிறகு என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அது எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

பாடசாலைப் பக்கம் ஒரு மாற்றம் உண்டு. அட்டைப் பெட்டியை எடுத்துவிட வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டதால், ஒரு பாடசாலையில் அது நூலக மேசையில் நிரந்தரமாக இருக்கிறது. அதைத் திறந்து படித்துப் பதில் சொல்ல ஓர் ஆசிரியையும் ஒதுக்கப்பட்டிருக்கிறார். மதிலை விட அந்தப் பெட்டிதான் பெரிய காரியம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

எங்கள் தெருவிலும் செய்யலாமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாக. கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் படத்தை அப்படியே எடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகள் கதைக்கும் இடம் கடற்கரைக் கல்லாக இராது, தண்ணீர்க் குழாயடியாகவோ பள்ளிவாசல் படியாகவோ மாடிப்படி வளைவாகவோ இருக்கும். முதலில் அட்டைகளைச் சேருங்கள், ஓவியரை அதற்குப் பிறகு தேடுங்கள். ஓவியர் முதலில் வந்தால் புறாவும் வந்துவிடும். தை மாதம் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு முன்னமே அதிபரைச் சந்தித்து, மதில்காரரின் கடிதத்தை மார்கழிக்குள் கையில் எடுத்துவிடுங்கள். மிச்ச அடிப்பூச்சு எங்களிடம் அரை வாளி இருக்கிறது, முதலில் கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.